லெஸ்டரிலிருந்து அண்ணாவுக்கு

லெஸ்டர், இங்கிலாந்து
08.05.2016

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அண்ணியும் அம்மாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். கடைசி இடத்தில் கிடந்த லெஸ்டர் சிட்டி போன்ற ஓர் அணி அடுத்த ஆண்டே பிரீமியர் லீக் கிண்ணம் வெல்வது எப்படி என்று தொலைபேசியில் கேட்டீர்கள். ஊர்க் கழகத்துப் பெடியங்களுக்கு உதைபந்தாட்டம் பழக்குபவர் நீங்கள். உங்களுக்கு ஓரிரு சொல்லில் பதில் சொல்ல மனம் வராததால் எழுதுகிறேன்.

2014ஆம் ஆண்டு செப்டெம்பர் கடைசியில் நான் இந்த நகரத்துக்கு வந்தபோது, லெஸ்டர் சிட்டி மான்செஸ்டர் யுனைடெட்டை 5–3 என்று வென்ற பூரிப்பு தெருவில் இன்னும் அடங்கியிருக்கவில்லை. ஆனால் அதன் பின் பதின்மூன்று ஆட்டங்களில் ஒரு வெற்றியும் கிடைக்கவில்லை. பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் என் முதல் குளிர்காலத்தில், களஞ்சியசாலையில் இரவு வேலை முடித்து நார்பரோ வீதியால் நடந்து வரும்போது, கூட வேலை செய்பவர்கள் இங்கிலாந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக்கிலிருந்து அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கப்போவதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவார்கள். அவர்களுடைய துக்கம் மெல்ல மெல்ல என்னுடையதும் ஆயிற்று.

2015 ஏப்ரல் தொடக்கத்தில் 29 ஆட்டங்களுக்கு 19 புள்ளிகள்தான். கீழே இறங்காமல் தப்புவதற்கான இடம் ஏழு புள்ளி தூரத்தில் இருந்தது. அப்போதைய முகாமையாளர் நைஜல் பியர்சன் பின்களத்தில் மூவரை நிறுத்தி, இரு கரைகளாலும் வேகமாக ஏறும் ஆட்டத்துக்கு அணியைத் திருப்பியிருந்தார். எஞ்சிய ஒன்பதில் ஏழு ஆட்டங்களை வென்று, 41 புள்ளிகளுடன் அணி 14ஆம் இடத்தில் முடித்தது. எல்லோரும் இந்த ஆண்டை அற்புதம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், அணி தன்னை நம்பத் தொடங்கியது அந்த ஏப்ரலில்தான்.

கோடையில் பியர்சன் போய் இத்தாலியரான கிளாடியோ ரனியேரி வந்தார். பந்தயக் கடைக்காரர்கள் லெஸ்டர் கிண்ணம் வெல்வதற்கு 5000க்கு 1 என்று, அதாவது ஒரு பவுண் கட்டினால் ஐயாயிரம் என்று கொடுத்தார்கள். ரனியேரி நான்கு பேர் கொண்ட பின்களத்துக்குத் திரும்பினாலும் முன்பிருந்த வேகத்தைக் கெடுக்கவில்லை. பிரான்சின் கான் கழகத்திலிருந்து வந்த கான்ரே மத்தியில் பந்தைப் பறிப்பார். அது கரையில் ஆடும் மஹ்ரெஸின் காலுக்குப் போகும். முன்கள வீரர் வார்டி அதற்குள் ஓடத் தொடங்கியிருப்பார். தொடர்ந்து பதினொரு லீக் ஆட்டங்களில் வார்டி கோல் அடித்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவர் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறிய கழகங்களுக்கு விளையாடியவர் என்பதைப் பெடியங்களுக்குச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பின்களத்தை. முதல் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றிலாவது கோல் வாங்காமல் அவர்கள் முடிக்கவில்லை. மொத்தம் 17 கோல்கள் வாங்கினார்கள், அதில் ஐந்து ஆர்சனலிடம் ஒரே நாளில். ஒக்டோபரில் ரனியேரி இரு கரைகளிலும் சிம்சனையும் ஃபூக்ஸையும் நிறுத்தினார். கோல் வாங்காமல் ஓர் ஆட்டத்தை முடித்தால் எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தருவேன் என்று வீரர்களுக்கு வாக்கும் கொடுத்திருந்தார். பத்தாவது ஆட்டத்தில் கிறிஸ்டல் பலஸை 1–0 என்று வென்று அந்தப் பீட்சாவைச் சம்பாதித்தார்கள். இதுவரை ஆடிய 37 ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால் மாற்றம் தெளிவாகத் தெரியும்: முதல் 18இல் 25 கோல்கள் வாங்கிய அணி, அடுத்த 19இல் வாங்கியவை பத்து மட்டுமே.

பெப்ரவரி 14ஆம் திகதியை நான் மறக்க மாட்டேன். ஆர்சனலுக்கு எதிராக முன்னணியில் இருந்தபோது சிம்சன் சிவப்பு அட்டை வாங்கினார். 95ஆவது நிமிடத்தில் ஆர்சனலின் வெல்பெக் தலையால் கோல் போட்டு அவர்களை வெல்ல வைக்க, பட்டியலில் எங்களுக்கிருந்த ஐந்து புள்ளி முன்னணி இரண்டாகச் சுருங்கியது. நான் இருக்கும் வீட்டில் அன்றிரவு ஒருவரும் சமைக்கவில்லை. ரனியேரி வீரர்களைத் திட்டிக் கூடுதல் பயிற்சி வைக்கவில்லை. ஒரு வாரம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார். திரும்பி வந்தவர்கள் மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் தொடர்ச்சியாக நான்கு ஆட்டங்களை 1–0 என்ற கணக்கிலேயே வென்றார்கள். நாங்கள் அண்ணாந்து பார்த்த பெரிய கழகங்கள் முகாமையாளரை மாற்றியும் பின்களத்தைக் கலைத்தும் புள்ளிகளைச் சிந்திக்கொண்டிருக்க, லெஸ்டர் ஏறக்குறைய அதே பதினொரு பேரை வாராவாரம் இறக்கியது.

கடந்த திங்கட்கிழமை, இரண்டாம் இடத்தில் இருந்த டொட்டன்ஹாம் செல்சியுடன் 2–2 என்று சமநிலையில் முடித்ததும் கிண்ணம் உறுதியாகிவிட்டது. விடியும்வரை வாகன ஹோர்ன்கள் ஓயவில்லை. நேற்று எவர்ட்டனை 3–1 என்று வென்ற பின், அணித் தலைவர் மோர்கனும் ரனியேரியும் கிண்ணத்தைச் சேர்ந்து தூக்கினார்கள். மைதானத்துக்கு நுழைவுச்சீட்டு வாங்க என்னால் முடியவில்லை. வெளியே சோர் ஆற்றுப் பக்கம் நின்று உள்ளிருந்து வந்த ஆரவாரத்தைக் கேட்டேன்.

16ஆம் திகதி நகர ஊர்வலம். அன்றைக்கு லீவு கேட்டு வைத்திருக்கிறேன். அம்மாவின் மருந்துக்குரிய பணத்துடன், பெடியங்களுக்குப் பந்து வாங்கவும் சேர்த்து இந்த மாதம் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி