கேப்சூல் கூடு மிட்டாய்க் காகிதம் அல்ல

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், கேப்சூல் விழுங்க முடியவில்லை என்று எழுதிய வாசகருக்கு, "கேப்சூல் கூடு என்பது மிட்டாய்க்குச் சுற்றிய காகிதம் மாதிரிதான். பிரித்து, உள்ளே இருப்பதைத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். வேறு யாராவது படித்துவிட்டுப் போயிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். எங்கள் வீட்டில் அதைப் படித்தவர் என் கணவர்.

அவருக்கு 74 வயது. இதயத் துடிப்பு சீராக இல்லாததால், ரத்தம் கட்டாமல் இருக்க டாபிகாட்ரான் என்ற கேப்சூலைக் காலையிலும் இரவிலும் போட்டுக்கொள்கிறார். தொண்டையில் மாட்டுகிறது என்று தினமும் ஒரு புலம்பல் உண்டு. போன ஞாயிற்றுக்கிழமை சமையலறைக்குள் வந்து "தேன் பாட்டில் எங்கே?" என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, "பத்திரிகையிலேயே போட்டிருக்கு பார்" என்று உங்கள் பக்கத்தை நீட்டினார்.

அந்த மருந்தைக் கூட்டிலிருந்து கொட்டிச் சாப்பிட்டால் ரத்தத்தில் சேரும் அளவு 75 சதவீதம் வரை கூடிவிடும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து அவ்வளவு கூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்காதே, மெல்லாதே என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. 31 வருடம் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்த மனைவி சொன்னால் எடுபடவில்லை. அச்சில் வந்தது வேதவாக்கு.

பிரிக்கக்கூடிய கேப்சூலே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே தேனா? வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஓமிப்ரசோலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சின்னச் சின்ன மணிகள் இருக்கும். வயிற்று அமிலம் மருந்தைக் கெடுத்துவிடாமல், சிறுகுடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும் என்று ஒவ்வொரு மணிக்கும் பூச்சுக் கொடுத்திருப்பார்கள். குழைக்கிறேன் பேர்வழி என்று கரண்டியால் நசுக்கினால் தீர்ந்தது கதை. எதைப் பிரிக்கலாம், எதைக் கூடாது என்று கேட்கத்தானே மருந்தாளுநர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்? உங்கள் தொடர்கதைகளில் இன்னமும் அவர் பெயர் கம்பவுண்டர்தான். அது வேறு விஷயம்.

காகிதம் என்றீர்களே, அந்தக் காகிதம் எதில் செய்தது என்றாவது சொல்லியிருக்கலாம். பெரும்பாலான கேப்சூல்களின் கூடு ஜெலட்டின். மாட்டுத் தோல், மாட்டு எலும்பு, பன்றித் தோல் இவற்றிலிருந்து எடுப்பது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ வருகிற மெத்தென்ற கேப்சூலில் அதே ஜெலட்டினோடு கிளிசரினோ சார்பிட்டாலோ சேர்ப்பார்கள். வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத என் மாமியார், எப்படியோ இதைக் கேள்விப்பட்டு நான்கு நாள் மருந்தே போடாமல் இருந்துவிட்டார். டாக்டரிடம் சொல்லி, அதே மருந்தை மாத்திரையாக மாற்றி வாங்கினோம். செல்லுலோஸிலிருந்து செய்கிற சைவக் கூடும் இருக்கிறது, விலைதான் கூடுதல். பத்து ரூபாய் பிஸ்கட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குகிற ஊரில், மருந்து அட்டையில் எந்தப் புள்ளியும் கிடையாது. 2016இல் மேனகா காந்தி சைவக் கேப்சூல் வேண்டும் என்று கிளப்பி, மத்திய சுகாதார அமைச்சகம் கருத்துக் கேட்டபோது இதைப் பற்றி உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். இடமில்லை போலிருக்கிறது. அந்த இதழில் மீன் எண்ணெய் கேப்சூல் விளம்பரத்துக்கு முழுப் பக்கம் இடம் இருந்தது.

அதற்கும் முன்னால் ஒரு துணுக்கு. கேப்சூலை அமெரிக்காக்காரர் கண்டுபிடித்தார் என்று போட்டீர்கள். 1834இல் பாரிஸில் மோத், துப்லாங்க் என்ற இருவர் காப்புரிமை வாங்கியது என்று அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன். கொப்பைபா என்ற, வாயில் வைக்க முடியாத மருந்தை விழுங்க வைக்கத்தான் அது வந்தது. அந்த மருந்து எந்த நோய்க்கு என்பதையும் எழுதியிருந்தேன். அதனால்தான் போடவில்லையோ என்னவோ.

பரிசு பெற்ற வீட்டுக் குறிப்பு ஒன்றும் நினைவிருக்கிறது. எல்லா மாத்திரைகளையும் அட்டையிலிருந்து உரித்து ஒரே டப்பாவில் போட்டு வைத்தால் இடம் மிச்சமாம்! ஜெலட்டின் கூட்டிலேயே 13 முதல் 16 சதவீதம் தண்ணீர் இருக்கிறது. காய்ந்தால் நொறுங்கும், ஈரம் பட்டால் பிசுபிசுக்கும். ஐப்பசி மழையில் எங்கள் ஊரில் அந்த டப்பாவைத் திறந்தால் எல்லாம் பணியாரம் மாதிரி ஒட்டிக்கிடக்கும். டாபிகாட்ரானோ அதன் அட்டையை விட்டு வெளியே இருக்கவே கூடாத மருந்து.

சரி, உங்களை மட்டும் சொல்வானேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இழுப்பு நோய்க்காரரான ஒரு பெரியவருக்கு, கருவியில் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூலைக் கொடுத்து "காலையில் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். கூட்டம் அதிகம். ஒரு மாதம் கழித்து, இரைப்பு குறையவே இல்லை என்று வந்தார். அத்தனையையும் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறார். கருவி பிரிக்காமல் பெட்டியிலேயே இருந்தது. அன்றிலிருந்து, என் முன்னால் நிற்பவரிடம் எப்படிப் போட வேண்டும் என்று சொல்லாமல் ஒரு கேப்சூலைக்கூட நான் கொடுத்ததில்லை. எனக்கு எதிரில் நின்றவர் ஒருவர். உங்களுக்கு எதிரில் எத்தனை பேர் என்று நீங்களே அட்டையில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் இரண்டு வரி: "டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் எந்தக் கேப்சூலையும் பிரிக்க வேண்டாம். விழுங்கச் சிரமமாக இருந்தால் அவர்களிடமே சொல்லுங்கள், மாற்று இருக்கும்." கடைசிப் பக்கத்தில் வருந்துகிறோம் என்று பொடி எழுத்தில் போட்டால் என் கணவர் கண்ணுக்குத் தெரியாது. அது வரும்வரை தேன் பாட்டில் என் துணி அலமாரியில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
27 வருட சந்தாதாரர்,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர் (கம்பவுண்டர் அல்ல),
மயிலாடுதுறை.