கல்காங் – டனிடூ சைக்கிள் பயணத்தில் எங்களை நடுவழியில் விட்டுச் சென்றது பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பயண அறிவிப்பு தமிழில்தான் வந்தது, அதனால் நானும் தமிழிலேயே எழுதுகிறேன்.

மார்ச் 14, சனிக்கிழமை, நியூ சவுத் வேல்ஸின் கல்காங்கிலிருந்து டனிடூ வரை நீங்கள் நடத்திய ஒருநாள் சைக்கிள் பயணத்தில் நானும் என் மனைவியும் கலந்துகொண்டோம். ஆளுக்கு 290 டாலர் கட்டினோம். "கடைசியாக வருபவருக்குப் பின்னால் எங்கள் வேன் எப்போதும் வரும்" என்று அறிவிப்பில் இருந்த அந்த ஒரு வரியை நம்பித்தான் பதிவு செய்தோம். என் மனைவிக்கு 58 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டும் முதல் நீண்ட பயணம் இது. பதிவுப் படிவத்திலும் இதை எழுதியிருந்தோம்.

காலை அருமையாகவே போனது. பழைய பத்து டாலர் நோட்டில் படமாக இருந்த கல்காங் ஊரின் குறுகலான தெருக்களைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் மெரினோ ஆடுகள், தலைக்கு மேலே கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும் இளஞ்சிவப்பு கலா கிளிகள். என் மனைவி அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்துப் பல மாதம் ஆகிவிட்டது.

14 பேருக்கு ஒரே வழிகாட்டி. அவர் வேகமாக ஓட்டுபவர்களோடு முன்னால் போய்விட்டார். அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை, ஒரே ஆள் முன்னாலும் பின்னாலும் இருக்க முடியாது. பின்னால் வர வேண்டிய வேனோ, சாப்பாடு தயார் செய்ய டனிடூவுக்கு முன்கூட்டியே போய்விட்டது. இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

38-வது கிலோமீட்டர் வாக்கில், ஆடு ஏற்றிய லாரி ஒன்று மண் சாலையில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. வழிவிட ஓரமாக இறங்கினோம். மறுபடி ஏறி நூறு மீட்டர் போவதற்குள் மனைவியின் சைக்கிளில் இரண்டு சக்கரத்திலும் காற்று இறங்கிவிட்டது. டயரைத் திருப்பிப் பார்த்தால் நெருஞ்சி முள்! நம் ஊர் நெருஞ்சியேதான், இங்கே கால்ட்ராப் என்பார்கள். முன் டயரில் மட்டும் 11 முட்களை எண்ணிப் பிடுங்கினேன். கோடை முடியும் நேரத்தில் இந்தப் பக்கத்துச் சாலையோரங்களில் இது கிடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தானே பஞ்சரைத் தானே அடைத்துக்கொள்ளும் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் டயர் தருவதாக எழுதியிருந்தீர்கள்? தந்தது சாதாரண டியூப் போட்ட டயர். பையில் ஒரே ஒரு மாற்று டியூப். சரி, பின் சக்கரத்தையாவது சரிசெய்து தள்ளிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், டியூபில் இருந்தது மெல்லிய பிரெஸ்டா வால்வு, பம்பின் வாயோ கார் டயர் வால்வுக்கானது. அழுத்திப் பிடித்துப் பார்த்தேன், காற்றெல்லாம் விரலிடுக்கில்தான் போனது.

இரண்டு போனிலும் சிக்னல் இல்லை. வெயில் 34 டிகிரி. இருவருக்குமாக அரை பாட்டில் தண்ணீர். வழியில் ஒருமுறைதான் தண்ணீர் கிடைத்தது. ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் ஒரு மணி 40 நிமிடம் உட்கார்ந்திருந்தோம். மனைவியின் முழங்கால் வீங்க ஆரம்பித்தது. பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் அந்த வழியாக வந்த ஒரு பண்ணைக்கார அம்மா நிறுத்தி, ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் கொடுத்து, பின்னால் நின்ற நாயை ஓரம் தள்ளிவிட்டு சைக்கிள்களை ஏற்றி, டனிடூவில் விங்க்ஸ் என்ற பந்தயக் குதிரையை வரைந்திருக்கும் தானியக் குதிருக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டினேன், வாங்கவே இல்லை.

அங்கே எல்லோரும் சாப்பிட்டு முடிக்கப் போகிறார்கள். இரண்டு பேர் குறைவதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வேன் ஓட்டுநர், "நீங்க முன்னாடியே வந்துட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். திங்கட்கிழமை உங்கள் அலுவலகத்துக்குப் பேசியபோது, கிராமத்துச் சாலையில் பஞ்சர் சகஜம் என்று பதில் வந்தது. பஞ்சருக்காக நான் பேசவில்லை. அந்த அம்மா வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் மனைவி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இருவரின் கட்டணத்தில் பாதி, 290 டாலர், திரும்ப வேண்டும். அதைவிட முக்கியமாக, ஏப்ரல் குழு கிளம்புவதற்கு முன் பின்னால் ஒரு வழிகாட்டி, கடைசி ஆளுக்குப் பின்னால் வேன், சிக்னல் இல்லாத இடத்துக்கு ஒரு சாட்டிலைட் போன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவது ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டு எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். 14 நாளில் பதில் வராவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் அலுவலகத்தில் புகார் கொடுப்பேன்.

முள் ஏறிய டயர், பம்ப், உங்கள் அறிவிப்பு ஆகியவற்றின் படங்களையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மார்ச் 14 குழுவில் வந்த வாடிக்கையாளர்