ஜேசன் நியூஸ்டெட்டுக்கு: உங்கள் பேஸ் எங்களுக்குக் கேட்கிறது

அன்புள்ள ஜேசன் நியூஸ்டெட் அவர்களுக்கு,

அமெரிக்க மெட்டல் பேண்டான மெட்டாலிகாவின் பேஸ் கிதார் என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது உங்களுக்கு முன் அதை வாசித்த கிளிஃப் பர்ட்டனைத்தான். சொல்லட்டும், அவர் அதற்குத் தகுதியானவர். ‘ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்’ தொடக்கத்தில் டிஸ்டார்ஷனோடு வரும் வரியை லீட் கிதார் என்றே நம்பிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. அது கிளிஃபின் பேஸ். அவருக்குப் பிறகு பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தில் நின்றவர் நீங்கள். இந்தப் பாட்டுகள் பெரும் மைதானங்களைப் போய்ச் சேர்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான். அதில் உங்கள் பங்கை யாரும் நிதானமாக உட்கார்ந்து எழுதி நான் படித்ததில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

1986 செப்டம்பர் 27. ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து கிளிஃப் இறந்தார், 24 வயதில். சரியாக ஆறு வாரம் கழித்து, நவம்பர் 8 அன்று, கலிஃபோர்னியாவின் ரெசீடாவில் அவர் இடத்தில் நீங்கள் நின்றீர்கள். உங்களுக்கு 23 வயது. ஃபீனிக்ஸில் ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் என்ற உங்கள் சொந்த பேண்டை விட்டுவிட்டு, நீங்களே ரசிகராக இருந்த பேண்டுக்குள் வந்திருந்தீர்கள். நண்பனைப் பறிகொடுத்தவர்கள் அழுது தீர்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் மேடையேறினார்கள். அந்தத் துக்கம் கோபமாக மாறி உங்கள் மேல்தான் இறங்கியது. புதுப் பையனைச் சீண்டுவது என்ற பெயரில் அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. பின்னாளில் அவர்களே பேட்டிகளில் ஒப்புக்கொண்ட விஷயம் இது.

அப்புறம் 1988, ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’. முதல் பாட்டு ‘பிளாக்கெண்ட்’டை எழுதியவர்களில் நீங்களும் ஒருவர். அந்தப் பாட்டிலேயே உங்கள் பேஸ் கேட்காது. கிதார் இருக்கிறது, டிரம்ஸ் காதைக் குத்துகிறது, அடியில் ஒன்றுமில்லை. ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் மிக்ஸிங்கைச் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் தாம்ப்சன், பேஸைக் குறைக்கச் சொன்னது டிரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக்தான் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. பாடகரும் கிதார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் திரும்பத் திரும்ப வாசிக்கும் கிதார் வரியை (ரிஃப்) நீங்கள் பிக்கால், ஸ்வரத்துக்கு ஸ்வரம் அப்படியே பின்தொடர்ந்தீர்கள். அவருடைய கிதாரிலோ நடு அலைவரிசை வெட்டப்பட்டு, கீழ் அலைவரிசை தூக்கி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு வாத்தியமும் ஒரே இடத்தில் நின்று ஒரே ஸ்வரத்தை வாசித்தால், ஒலியைக் குறைத்து வைத்தது மற்றதற்குள் கரைந்துபோகும். ஒதுங்கி வழிவிடத் தயாரிப்பாளர் யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் பகுதியைப் பதிவு செய்தபோது தயாரிப்பாளர் ஃபிளெமிங் ராஸ்முசன் கூட இல்லை. உதவிப் பொறியாளரை வைத்துக்கொண்டு தனியாகவே வாசித்து முடித்தீர்கள்.

அந்த ஆல்பத்திலிருந்துதான் ‘ஒன்’ வந்தது. போரில் கை, கால், கண், காது எல்லாம் இழந்து உயிர் மட்டும் மிஞ்சிய சிப்பாயின் பாட்டு. அவர்களுடைய முதல் மியூசிக் வீடியோ அது. 1990-இல் அதற்கு கிராமி கிடைத்தது. கடைசிப் பகுதியில் டபுள் பேஸ் டிரம்மும் கிதாரும் சேர்ந்து இயந்திரத் துப்பாக்கிபோல இறங்குகிற இடத்தை உலகமே மனப்பாடம் செய்திருக்கிறது. அங்கேயும் நீங்கள் வாசித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

எனக்கு அது சியாட்டில் 1989 கச்சேரிப் பதிவில்தான் கேட்டது. 1993-இல் வந்த பெரிய தொகுப்பில் இருக்கிற அந்தப் பதிவு, என் கணக்கில், ‘ஜஸ்டிஸ்’ பாட்டுகளின் உண்மையான வடிவம். ‘ஹார்வெஸ்டர் ஆஃப் சாரோ’ ஸ்டுடியோவில் மெலிந்து கிடக்கும். சியாட்டிலில் அதற்கு எடை வந்துவிடுகிறது. மெதுவான பாட்டு என்பதால் ஒவ்வொரு அடிக்கும் நடுவே பேஸ் நீண்டு நின்று அதிர இடம் இருக்கிறது. ‘ஒன்’ முடிவிலும் அப்படித்தான். டிரம்முக்கும் கிதாருக்கும் நடுவில் தரை முளைத்ததுபோல் இருக்கும். அதே பாட்டு, அதே நான்கு பேர், உங்கள் ஒலி மட்டும் உரிய அளவில்.

குரலையும் சொல்ல வேண்டும். ‘க்ரீப்பிங் டெத்’ எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகும் பைபிள் கதை. அதன் நடுவில் கூட்டம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தும் இடம் ஒன்று உண்டு. அந்தக் காலக் கச்சேரிகளில் அதை அடித்தொண்டையிலிருந்து கிளப்பிவிட்டவர் நீங்கள். தொண்ணூறுகளில் ‘ஸீக் அண்ட் டெஸ்ட்ராய்’ பாட்டை மைக்கைப் பிடித்து நீங்களே பாடினீர்கள். ஹெட்ஃபீல்டின் குரலுக்குக் கீழே நின்ற அந்தக் கரடுமுரடான குரல் போன பிறகு மேடை ஒலியில் ஒரு முரட்டுத்தனம் குறைந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குப் பின் பேஸ் வாசிக்க வந்த ராபர்ட் ட்ருஹியோ மிகச் சிறந்த கலைஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இது வேறு விஷயம்.

1991-இன் கறுப்பு ஆல்பத்தில் தயாரிப்பாளராக பாப் ராக் என்பவர் வந்ததும் நிலைமை மாறியது. உங்கள் பேஸ், கிதாரைப் பின்தொடர்வதை விட்டு டிரம்ஸோடு சேர்ந்துகொண்டது. ‘என்டர் சாண்ட்மேன்’ தனிக் கிதாரில் தொடங்கி, டிரம்ஸும் பேஸும் மெல்ல அடியில் நுழையும்போது அறை நிறைகிறது. ‘சேட் பட் ட்ரூ’ முழுக்க அந்த எடையில்தான் நடக்கிறது. ‘மை ஃப்ரெண்ட் ஆஃப் மிசரி’ உங்கள் பேஸில் ஆரம்பிக்கிறது. அந்த ஆல்பத்தில் உங்கள் பெயரும் சேர்ந்த ஒரே பாட்டு. அது ஹிட் வரிசையில் வராது, ஆனால் எனக்கு அந்தத் தட்டில் பிடித்தது அதுதான்.

2001 ஜனவரியில் விலகினீர்கள். எக்கோப்ரெய்ன் என்ற உங்கள் தனி பேண்டுக்கு இடம் கிடைக்கவில்லை. நேசித்த இசையை வாசித்து வாசித்து உடம்புக்கு வந்த சேதத்தையும் உங்கள் அறிக்கையில் சொன்னீர்கள். ரசிகர்களில் பலர் அன்று உங்கள் மேல் வருத்தப்பட்டார்கள். நான் உங்கள் பக்கம். 2009-இல் கிளீவ்லாந்தில், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில், நீங்களும் ட்ருஹியோவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ வாசித்தபோது எந்தக் கசப்பும் தெரியவில்லை. அந்தப் பெருந்தன்மை எல்லோருக்கும் வராது.

2018-இல் ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தை மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள். மிக்ஸிங் கலவையைத் தொடவில்லை. நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்ற அவர்கள் வாதம் எனக்குப் புரிகிறது. பழைய தட்டு அப்படியே இருக்கட்டும். பக்கத்திலேயே இன்னொரு கலவையை வைப்பதில் என்ன தடை? ரசிகர்கள் தங்களிடம் கிடைத்த துண்டுகளை வைத்து, பேஸைத் தூக்கி, உங்கள் பெயரிலேயே கலவை செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். முழு டேப்பும் கையில் வைத்திருப்பவர்கள் அதை இன்னும் நன்றாகவே செய்ய முடியும். ‘பிளாக்கெண்ட்’ எழுதியவர்களில் ஒருவராக நீங்கள் கேட்டால் மறுப்பது அவர்களுக்கும் கடினம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள் ஜேசன்.

அன்புடன்,
உங்கள் ரசிகன், பேஸ் வாசிக்கும் இன்னொருவன்