இன்னும் ஓர் ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எத்தியோப்பியாவில் நலம். மழை பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. மாத்திரைகள் ஆறு மாதத்துக்குக் கையிருப்பு இருக்கிறது, மூட்டு வலியும் கட்டுக்குள் இருக்கிறது. ஆகவே அந்தக் கவலையை முதலில் இறக்கி வைத்துவிட்டு மேலே படி.

பல்கலைக்கழக ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டேன் என்று சொன்னதும் தொலைபேசியில் நீ பேச்சற்றுப் போனாய். பிறகு கேட்டாய்: "ஆய்வகத்தில் கருவி ஓடவில்லை, பாதி நாள் மின்சாரம் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். அங்கே உட்கார்ந்து என்ன ஆராய்ச்சி அம்மா?" என் உடம்பை நினைத்துத்தான் கேட்டாய் என்று தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் உண்டு, தம்பி. அது இரண்டு நிமிடப் பேச்சில் அடங்காது.

1990-களின் நடுவில்கூட எத்தியோப்பியாவில் இரண்டே பல்கலைக்கழகங்கள்தான். அடிஸ் அபாபாவில் ஒன்று, கிழக்கே அலெமாயாவில் வேளாண்மைக்கென்று ஒன்று. இன்று அரசுப் பல்கலைக்கழகங்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். தெற்கு மலைப்பகுதியில் இருக்கும் எங்களுடையதும் அந்த அலையில் எழும்பியதுதான். கட்டடம் வந்தது, விடுதி வந்தது, மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். ஆசிரியர்கள் போதவில்லை. அதனால்தான் தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் எங்களைப் போன்றவர்களை அழைத்தார்கள். இளநிலைப் பட்டத்தில் முதலாவதாக வந்தவரை அப்படியே உதவியாளராக எடுத்து மறு பருவமே வகுப்புக்கு அனுப்புகிறார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். கெட்டிக்காரர்கள். தாங்கள் படித்த குறிப்பை அடுத்த வகுப்புக்குப் பிசகாமல் ஒப்பிப்பார்கள். அந்தக் குறிப்பில் இருப்பது சரிதானா என்று சோதித்துப் பார்த்த அனுபவம் மட்டும் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. கிடைக்க வழியும் இல்லை, ஏனென்றால் அப்படிச் சோதித்துக்கொண்டிருக்கும் ஒரு மூத்தவரின் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததே இல்லை.

இங்கே ஏன் ஆராய்ச்சி வேண்டும் என்பதற்கு எங்கள் கொல்லைப்புறமே சாட்சி. வீட்டுக்கு வீடு என்செட் நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் திருச்சிப் பக்கத்து வாழைத் தோப்பு என்றே நினைப்பாய். வாழைக் குடும்பம்தான், ஆனால் பழத்துக்காக யாரும் வளர்ப்பதில்லை. நாலைந்து வருடம், குளிர் அதிகமான மலையென்றால் அதற்கும் மேல், வளரவிட்டு, பூக்கும் தறுவாயில் வெட்டுகிறார்கள். மட்டையைச் சுரண்டி எடுத்த சதையோடு கிழங்கையும் துருவிச் சேர்த்து, இலை பரப்பிய குழியில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் புளிக்கவைத்து, ரொட்டியாகச் சுடுகிறார்கள். கொச்சோ என்று பெயர். சுரண்டுவதும் புளிக்கவைப்பதும் பெண்கள் வேலை. எந்த வகை சீக்கிரம் புளிக்கும், எது நார் அதிகம், எது நோய் தாங்கும் என்று ஒவ்வொரு வகையையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவார்கள். ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் இதை நம்பி இருக்கிறார்கள். உலகத்தில் இதை உணவுக்காகப் பயிரிடுவது எத்தியோப்பியா மட்டுமே. நெல்லைப் பற்றிப் பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு ஆராய்ச்சி மையத்தில் யோசிப்பார்கள், கோதுமையைப் பற்றி மெக்சிகோவில் இருக்கும் மையத்தில் யோசிப்பார்கள். என்செட்டைப் பற்றி இந்தப் பிள்ளைகள் கேட்காத கேள்வியை வேறு யார் கேட்கப்போகிறார்கள்?

அந்தச் செடிக்கு ஒரு வாடல் நோய். குருத்தை ஒட்டிய இலைகள் மஞ்சளித்துத் துவளும். காம்பை வெட்டிப் பிடித்தால் வெட்டுவாயில் மஞ்சள் நிறத்தில் சீழ் போலக் கசியும். நம் ரஸ்தாளியில் வரும் பனாமா வாடல் பூஞ்சையால் வருவது. அதை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக இருக்கும், சீழ் வராது. இது பாக்டீரியா. நோயுற்ற செடியை வெட்டிய கத்தி அடுத்த செடியைத் தொட்டாலே போதும். மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் புதைக்க வேண்டும், கத்தியை நெருப்பில் காட்டிய பிறகே அடுத்த செடிக்குப் போக வேண்டும்.

1968-ல் டக்னாச்சூ யிர்கூ என்பவரும் பிராட்பரி என்பவரும் இந்தக் கிருமியை அடையாளம் கண்டு எழுதினார்கள். 1974-ல், அதே நோய் இந்நாட்டு வாழையிலும் இருப்பதை எழுதினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் அது எத்தியோப்பியாவின் உள்ளூர்த் தொல்லையாகவே கருதப்பட்டது. 2001-ல் உகாண்டாவின் முகோனோவில் வாழைத் தோட்டங்கள் வாடத் தொடங்கின. அங்கே வாழைக்காய்தான் சோறு. சில ஆண்டுகளுக்குள் காங்கோ, ருவாண்டா, தான்சானியா என்று கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் பரவிவிட்டது. முதல் கட்டுரைக்கும் முகோனோவுக்கும் நடுவே முப்பத்து மூன்று ஆண்டுகள். இந்த மண்ணில் அத்தனை ஆண்டுகளும் ஒரு பத்துப் பேராவது இந்த ஒரே நோயை விடாமல் துரத்திக்கொண்டிருந்திருந்தால், உகாண்டாவுக்குச் சொல்லிக்கொடுக்கக் கையில் எவ்வளவோ இருந்திருக்கும். எனக்கு இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

இங்கே பார்க்கும் கண் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1964-ல் அக்லிலு லெம்மா என்ற இளம் விஞ்ஞானி வடக்கே அட்வாவில் நத்தைகள் மூலம் பரவும் சிஸ்டோசோமியாசிஸ் நோயைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். பெண்கள் ஆற்றில் எண்டோட் என்ற காயை நுரைக்கவைத்துத் துணி துவைப்பார்கள், நம் பூந்திக்கொட்டை போல. துவைக்கும் இடத்துக்குக் கீழே மட்டும் நத்தைகள் கூட்டமாகச் செத்து மிதந்ததை அவர் கவனித்தார். அங்கிருந்து தொடங்கியது எல்லாம். அடிஸ் அபாபாவில் ஒரு நோயியல் ஆய்வு நிறுவனத்தையே கட்டியெழுப்பினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் ஆப்பிரிக்க ஆய்வகத்தில் வந்த முடிவு என்பதால் அதை ஏற்க வெளிநாட்டு அமைப்புகள் பல்லாண்டுகள் தயங்கின. நச்சுத்தன்மைச் சோதனைகளை எங்கள் தரத்துக்கு மறுபடி செய்து காட்டு என்றன. 1989-ல் அவருக்கும் உடன் உழைத்த லெகெஸ்ஸே வோல்டே யோஹான்னஸுக்கும் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. எங்கள் உதவியாளர்களுக்கு முதல் வாரமே இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். உன் கண் போதும், ஆனால் உன் பதிவேட்டை உலகத்தில் யார் புரட்டினாலும் குறை சொல்ல முடியாதபடி வைத்திரு என்று.

இப்போது இங்கே உண்மையில் எது குறைவு என்று சொல்கிறேன். கருவி குறைவுதான், மறுக்கவில்லை. அட்டைப் பெட்டி பிரிக்காத கருவிகளும் உண்டு, பிரித்து ஓட்ட வேதிப்பொருள் இல்லாதவையும் உண்டு. உதிரி பாகம் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஆள் போனால் கேள்வியும் கூடவே போய்விடுகிறது. எங்களைப் போன்ற வெளிநாட்டவர் ஆண்டு ஒப்பந்தக்காரர்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் முதுநிலைக்குப் போகிறார்கள், முனைவர் பட்டத்துக்குப் போகிறார்கள், சிலர் திரும்புவதில்லை. ஒவ்வொருவர் போகும்போதும் அவருடைய தரவுகள் அவர் பென் டிரைவில் போகின்றன. அடுத்து வருபவர் அதே வயலில், அதே கேள்வியை, முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். நான் வந்தபோது எங்கள் துறையில் முந்தைய வயல் சோதனையின் ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. ஆய்வேடுகள் நூலகத்தில் கறுப்பு அட்டையோடு நிற்கின்றன, அவற்றுக்கு அடியில் இருந்த எண்கள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

இதற்கு நடுவே பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கிறார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கை வரும். நம் நாட்டில் 2010-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்த பிறகு பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் எப்படிப் பெருகின என்று எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இதழ்களில் பல இந்திய முகவரியிலிருந்தே இங்குள்ள பிள்ளைகளுக்கும் மின்னஞ்சல் அனுப்புகின்றன. ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிக் கட்டுரை போட்டுவிட்டு என்னிடம் சந்தோஷமாகக் காட்டிய பையனை என்னால் திட்ட முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இதழில் உன் கட்டுரையை யார் படித்துத் திருத்தினார், எந்த வரியை மாற்றச் சொன்னார் என்று மட்டும் கேட்டேன். அவன் முகம் வாடியது. இப்போது அவன்தான் மற்றவர்களைத் தடுக்கிறான்.

நாங்கள் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒருவர் ஒரே ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ கொண்டுவந்து கரும்பலகை முன் நிற்க வேண்டும். வயதில் குறைந்தவர்தான் முதல் கேள்வி கேட்க வேண்டும். இந்த ஊரில் மூத்தவரை எதிர்த்துக் கேட்பது நம் ஊரைவிடவும் கடினம். ஆரம்பத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் உதவியாளர் பெண் ஒருத்தி துறைத் தலைவரைப் பார்த்து, "ஒரு பாத்திக்கு எத்தனை செடி? நோயின் அளவை மதிப்பிட்டவர் எந்தப் பாத்தி எந்த வகை என்று முன்பே தெரிந்துதான் பார்த்தாரா?" என்று கேட்டாள். அறையே மூச்சுவிடவில்லை. அவர் கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்தார். பிறகு, தெரிந்துதான் பார்த்தார், அடுத்த பருவத்தில் மாற்றுவோம் என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அன்று முளைத்தது.

அதே பெண்ணைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவி கெட்டுக் கிடப்பதால் பாக்டீரியா வளர்க்கும் ஊடகத்தை நான் ஊரிலிருந்து கொண்டுவந்த குக்கரில்தான் கிருமி நீக்குகிறோம். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி, 15 நிமிடம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அப்படிச் செய்தும் தட்டுகளில் வேண்டாதவை வளர்ந்துகொண்டே இருந்தன. கை சுத்தமில்லை, தண்ணீர் சரியில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இவள் மட்டும், "அந்த 15 பவுண்டு எதற்கு மேல் 15?" என்று கேட்டாள். நாங்கள் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில். வெளிக்காற்றின் அழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் வெயிட் கணக்கிடுவது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான். நீராவி அட்டவணையைத் தேடி எடுத்து, உள்ளே இருப்பது 117 அல்லது 118 டிகிரிதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். அதோடு விடவில்லை. 15, 25, 35, 45 நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்து, தட்டுகளை வரிசையாக அடுக்கி, ஒரு வாரம் வைத்துப் பார்த்து, 35 நிமிடம் என்று முடிவுக்கு வந்தாள். இப்போது ஆய்வகக் கதவில் அவள் கையெழுத்தில் அது ஒட்டியிருக்கிறது. அவளுக்குப் பின் வரும் எவரும் அதை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கருவியில்லாமல் என்ன ஆராய்ச்சி என்று கேட்டாயே, தம்பி, இதுதான்.

இன்னொரு ஏற்பாடு, வயல் பதிவேடு. கெட்டி அட்டை, பக்க எண் போட்டது. பேனாவில்தான் எழுத வேண்டும், தவறானதை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், கிழிக்கக் கூடாது. என்செட் வகைகளைப் பெண்கள் சொல்லும் பெயரிலேயே எழுத வேண்டும். மாஸியா என்ற வகை நோயைத் தாங்குகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள், மற்ற ஆய்வாளர்களின் சோதனைகளிலும் அப்படியே வந்திருக்கிறது. எங்கள் மண்ணிலும் அது நிற்கிறதா, எத்தனை வருடம் நிற்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. பதிவேடு துறை அலமாரியில் இருக்கும், யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. என்செட் முதிரவே நாலைந்து வருடம் ஆகும்போது ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவள் தனியாக எதை முடித்துவிட முடியும்? நட்டவர் ஒருவர், அளந்தவர் ஒருவர், வெட்டுபவர் வேறொருவர் என்றால்தான் இது நடக்கும். இந்தச் செடிகள் பாதி வளர்த்தியில் நிற்கின்றன. பதிவேட்டை எழுதும் பொறுப்பு முழுவதும் இந்தப் பருவத்தில்தான் என் கையிலிருந்து அவர்கள் கைக்குப் போயிருக்கிறது. நான் பக்கத்தில் இருந்து, தொடாமல் பார்க்க வேண்டிய ஆண்டு இது. அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது உனக்கு ஒரு வேலை. அந்தக் குக்கர் பெண்ணுக்கு இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்திருக்கிறது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரப்போகிறாள். போகிறவள் திரும்புவாளா என்று துறையில் முணுமுணுக்கிறார்கள். திரும்புவாள் என்றுதான் நான் நம்புகிறேன். அப்படித் திரும்பாவிட்டாலும் அவள் எழுதியது எல்லாம் அலமாரியில் இருக்கிறது.

நீ விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவர வேண்டும். முதல் இரண்டு வாரம் நம் வீட்டிலேயே இருக்கட்டும், விடுதி கிடைக்க நாளாகும். புதனும் வெள்ளியும் அவர்கள் சமயத்தில் நோன்பு, இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டாள். இட்லி, சாம்பார் போதும், புளிப்பு அவளுக்குப் பழக்கம்தான். தயிரும் நெய்யும் அந்த இரண்டு நாளும் வைக்க வேண்டாம் என்று சமையல்காரம்மாவிடம் சொல்லிவிடு. சிம் கார்டுக்கும் வெளிநாட்டவர் பதிவுக்கும் கூடப் போ. அப்பாவின் மேசையைக் காலி செய்து அவளுக்குக் கொடு. முடிந்தால் ஒரு நாள் விடுப்பு எடுத்துத் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துப் போ. யாரைப் பார்க்க வேண்டும் என்று தனியே எழுதுகிறேன். அவள் நிறையக் கேள்வி கேட்பாள், பொறுமையாகப் பதில் சொல்.

வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் அழைக்கிறேன். இணைப்பு கிடைக்காவிட்டால் சனிக்கிழமை காலை.

அன்புடன்,
அம்மா