ஏசாயா 53-ஐ யாரும் ஒளித்துவைக்கவில்லை: மேசியா குறித்து விவாதிக்கும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஊழியர்களுக்கு,

ஸ்தோத்திரம். இயேசுவே மேசியா என்று அறிக்கையிடும் சபையைச் சேர்ந்தவன் நான். அந்த விசுவாசத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்க இதை எழுதவில்லை. யூதர்கள் அவரை ஏற்காததற்கு நம்முடைய மேடைகளில் சொல்லப்படும் காரணங்களில் சில உண்மையல்ல என்பதாலும், சத்தியத்தைப் பொய்யால் தாங்கிப்பிடிக்க நமக்கு உரிமையில்லை என்பதாலும் எழுதுகிறேன்.

பாடுபடும் தாசன் ஒருவரைப் பற்றிப் பேசுவதும், இயேசுவின் பாடுகளைக் குறிப்பதாக நாம் வாசிப்பதுமான ஏசாயா 53-ஆம் அதிகாரத்தை யூதர்கள் தடைசெய்து மறைத்துவிட்டார்கள் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். யூதர்களின் ஓய்வுநாள் ஆராதனையில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள், வாசிக்கப்பட்ட பின் தீர்க்கதரிசன நூல்களிலிருந்து வாசிக்கப்படும் பகுதிக்கு ஹப்தாரா என்று பெயர். எருசலேம் தேவாலயம் இடிக்கப்பட்டதை நினைத்து உபவாசிக்கும் நாளுக்குப் பின்வரும் ஏழு ஓய்வுநாட்களிலும் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகளே வாசிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒரு வார வாசிப்பு 52:12-இல் முடிய, அடுத்த வார வாசிப்பு 54:1-இல் தொடங்குகிறது; இடையிலுள்ள 53 விடுபடுகிறது. குற்றச்சாட்டுக்கு இருக்கும் ஆதாரம் இவ்வளவுதான். தீர்க்கதரிசன நூல்களின் பெரும்பகுதி இந்த வாசிப்பு வரிசையில் வருவதே இல்லை என்பதையும், நாம் கிறிஸ்துமஸ் காலத்தில் வாசிக்கும் “நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்” என்ற ஏசாயா 9-ஆம் அதிகார வசனத்தை மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபைச் சேர்ந்த அஷ்கெனாசி யூதர்கள் ஆண்டுதோறும் தங்கள் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள் என்பதையும் நாம் சொல்வதில்லை. மறைக்க நினைத்திருந்தால் முதலில் அதையல்லவா மறைத்திருப்பார்கள்? 53-ஆம் அதிகாரம் அச்சிடப்பட்ட ஒவ்வொரு எபிரேய வேதாகமத்திலும் இருக்கிறது. ராஷி, இப்னு எஸ்ரா போன்ற இடைக்காலத்தின் பெரிய யூத உரையாசிரியர்கள் அதற்கு உரை எழுதியிருக்கிறார்கள்.

அந்த அதிகாரத்தில் பாடுபடும் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்று ராஷி எழுதினார். கிறிஸ்தவர்களுக்குப் பதில் சொல்ல 11-ஆம் நூற்றாண்டில் அவர் புனைந்த விளக்கம் இது என்று நம்மில் சிலர் சொல்வார்கள். ஆனால் 3-ஆம் நூற்றாண்டிலேயே, தம்மோடு விவாதித்த யூதர்கள் இதே விளக்கத்தைச் சொன்னதாக நம்முடைய சபைப் பிதாவான ஓரிகன் பதிவுசெய்திருக்கிறார். மேலும் ஏசாயாவே 41:8, 44:1, 49:3 ஆகிய இடங்களில் இஸ்ரவேலைக் கர்த்தருடைய தாசன் என்று பெயர் சொல்லி அழைக்கிறார். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: தர்கூம் என்னும் பழைய அரமேய மொழியாக்கம் அந்தத் தாசனை மேசியா என்கிறது, ஆனால் பாடுகளை மற்றவர்கள்மேல் வைக்கிறது, ரபிகளின் போதனைத் தொகுப்பான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதியோ 53:4-ஐ மேசியாவோடு இணைத்துப் பேசுகிறது. யூதர்களுக்குள்ளேயே பல வாசிப்புகள் இருந்திருக்கின்றன. அவற்றில் எதையும் குருட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

உண்மையான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. 1263-ஆம் ஆண்டு பார்சிலோனாவில், அராகோன் மன்னர் முதலாம் ஜேம்ஸின் முன்னிலையில், யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்திருந்த பாப்லோ கிறிஸ்தியானியோடு ரபி மோசே பென் நக்மான் விவாதித்தார். ஜாதிக்கு விரோதமாய் ஜாதி பட்டயம் எடுப்பதில்லை என்று தீர்க்கதரிசி சொல்லியிருக்க, இயேசுவின் நாள் முதல் இன்றுவரை உலகம் கொடுமையாலும் கொள்ளையாலும் நிறைந்திருக்கிறதே என்று ரபி கேட்டார். எசேக்கியேல் 37-ஆம் அதிகாரம் சிதறிய ஜனம் கூட்டிச்சேர்க்கப்படுவதையும், தாவீதின் வழிவந்த ராஜாவையும், அவர்கள் நடுவே நிலைத்திருக்கும் பரிசுத்த ஸ்தலத்தையும் வாக்களிக்கிறது. இயேசு சிலுவையில் அறையப்பட்டு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளில், கி.பி. 70-இல், ரோமர்கள் தேவாலயத்தைத் தரைமட்டமாக்கினார்கள். இவற்றை எண்ணிப்பார்க்கும் யூதர் ‘இவர் அல்ல’ என்று சொன்னால், அவர் தம்முடைய வேதத்தை அறியாதவர் அல்ல. அதை அப்படியே நம்புகிறவர்.

இதே எதிர்பார்ப்பு அப்போஸ்தலருக்கும் இருந்தது. எம்மாவுக்குப் போன சீஷர்கள், அவரே இஸ்ரவேலை மீட்பவர் என்று நம்பியிருந்தோம் என்று துக்கத்தோடு சொன்னார்கள். உயிர்த்தெழுதலுக்குப் பிறகும், இக்காலத்திலா ராஜ்யத்தை இஸ்ரவேலுக்குத் திரும்பக் கொடுப்பீர் என்றே அப்போஸ்தலர் கேட்டார்கள். தீர்க்கதரிசனங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அவர்கள் இயேசுவைக் கண்டுபிடிக்கவில்லை. உயிர்த்தெழுந்தவரைக் கண்டார்கள், பிறகு வேதத்தைத் திரும்ப வாசித்தார்கள். மத்தேயு அப்படி வாசித்தவர்தான். எகிப்திலிருந்து என் குமாரனை வரவழைத்தேன் என்ற ஓசியா 11:1, யாத்திராகமத்தை நினைவுகூரும் வசனமேயன்றி வருங்காலத்தைப் பற்றிய முன்னறிவிப்பு அன்று. இஸ்ரவேலின் கதை இயேசுவில் மீண்டும் நிகழ்கிறது என்று மத்தேயு அதில் கண்டார். முந்நூறு தீர்க்கதரிசனங்கள் நிறைவேறின என்று கணக்குக் காட்டும் நம்முடைய பட்டியல்கள் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன. யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு வீணானதல்ல என்றும், கிறிஸ்தவ வாசிப்பு கிறிஸ்துவின் ஒளியில் பின்னோக்கிச் செல்லும் வாசிப்பு என்றும் வத்திக்கானின் விவிலியக் குழு 2001-இல் வெளியிட்ட ஆவணம் தெளிவாக ஒப்புக்கொள்கிறது. நம்மில் பலர் கத்தோலிக்கர் அல்ல என்றாலும் அந்த நேர்மையைக் கற்றுக்கொள்ளலாம்.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. மறைக்கப்பட்ட அதிகாரம் என்ற பேச்சை மேடையிலிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த விவாதத்துக்கு முன் ஏசாயா 40 முதல் 55 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள்; ராஷியின் உரையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சமாதான ராஜ்யம் எங்கே என்று கேட்கப்படும்போது, அது அவருடைய இரண்டாம் வருகையில் நிறைவேறும் என்று நாங்கள் காத்திருக்கிறோம், இன்னும் நிறைவேறவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். காட்டொலிவக் கிளைகளாக ஒட்டவைக்கப்பட்ட நாம் சுபாவக் கிளைகளுக்கு விரோதமாகப் பெருமைபாராட்டக் கூடாது என்று ரோமர் 11-இல் பவுல் எச்சரித்ததை, விவாதம் தொடங்குமுன் சபையார் கேட்க வாசியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
வேதபாட வகுப்பு நடத்தும் ஒரு விசுவாசி