நெகட்டிவ் பெட்டிகளைக் கீழே இறக்குங்கள், மாமா

கல்கரி, ஆல்பர்ட்டா
12.10.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள், அத்தை, ஆத்தா, தம்பி எல்லோரும் நலமா? ஆத்தாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறது. உண்மை நிலவரத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று அத்தை கேட்பார்கள். போனில் படத்தைக் காட்ட முடிகிறது. அது எந்த இடம், எப்படிக் கிடைத்தது என்று சொல்ல ஆரம்பித்தால் யாராவது குறுக்கே வந்து "சாப்பிட்டியா" என்று கேட்டு முடித்துவிடுகிறார்கள். தவிர, உங்கள் ஸ்டுடியோப் பரணில் கிடக்கும் பழைய நெகட்டிவ் பெட்டிகளைப் பற்றி உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

வேலை வழக்கம்போல் போகிறது, குறை ஒன்றுமில்லை. சனி, ஞாயிறு வந்தால் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். வந்த புதிதில் இந்த ஊரில் யாரையும் தெரியாது. கேமராதான் என்னை நாலு இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் பேச வைத்தது.

ஜூலை மாதத்தில் இங்கே ஸ்டாம்பீட் என்று ஒரு திருவிழா, 10 நாள். 1912-ல் கை வீடிக் என்பவர் தொடங்கி வைத்தது. மாடு மேய்க்கும் கௌபாய்களின் வித்தைகள், குதிரை அடக்குவது, காளைமேல் ஏறி உட்காருவது எல்லாம் உண்டு. முதல் வெள்ளிக்கிழமை காலை ஊர்வலம். ஊர் முழுக்கப் பந்தல் போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக பான்கேக் சுட்டுக் கொடுக்கிறார்கள். நம்ம ஊர்த் திருவிழா அன்னதானத்தைப் பார்த்தவனுக்கு அந்த வரிசையில் நிற்கும்போது அந்நியமாகவே தெரியவில்லை.

அதில் எனக்குப் பிடித்தது சக்வாகன் பந்தயம், அதாவது கௌபாய்களின் சமையல் வண்டிப் பந்தயம். 1923-ல் சேர்த்தார்கள். ஒரு வண்டிக்கு 4 குதிரை. தொடங்கும் இடத்தில் பீப்பாய்களைச் சுற்றி எட்டு போட்டுத் திரும்பி, அப்புறம் ஓடுபாதையில் பறக்க வேண்டும். மாலை வெயில் தாழ்வாக விழும், புழுதி முழுக்கப் பொன்னாகிவிடும். எருது விடும் விழாவில் தடுப்புக்கட்டை ஓரம் என்னை நிறுத்தி நீங்கள் சொன்னது அங்கே கைகொடுத்தது: "மாடு முன்னால வந்தப்புறம் அமுக்கினா வால்தான் கிடைக்கும். தூரத்துலயே பிடிச்சு, கூடவே திரும்பு." அதையேதான் செய்தேன். ஷட்டர் வேகத்தை நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கு இறக்கி, முன்குதிரையின் கண்ணிலேயே குறியை வைத்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பினேன். பின்னால் இருக்கும் கூட்டம் கோடு கோடாக இழுபட்டுப் போக, குதிரையின் கண், கடிவாளத்தில் தெறிக்கும் நுரை, ஓட்டுகிறவரின் பல்லைக் கடித்த முகம் மட்டும் தெளிவாக நிற்கிறது. அந்தப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்தப் பந்தயத்தில் குதிரைகள் அடிபட்டுச் சாவதும் நடக்கிறது, மாமா. நிறுத்தச் சொல்லி ஒரு கூட்டம், எங்கள் பரம்பரை வழக்கம் என்று இன்னொரு கூட்டம். ஜல்லிக்கட்டுக்காக 2017-ல் மெரினாவில் நடந்ததைப் பார்த்த நமக்கு இந்த வழக்கு புதிதில்லை. குதிரையை வளர்த்து ஓட்டுகிறவர்களிடம் பேசினால் பாசம் தெரிகிறது. விழுந்த குதிரையைப் பார்த்தவர்களுக்கு வருகிற கோபமும் நியாயம்தான்.

அந்தத் திடலுக்குப் பக்கத்திலேயே எல்போ ஆற்றங்கரையில் பூர்வகுடி மக்கள் கூடாரங்கள் அடித்துத் தங்குகிறார்கள். இந்த நாட்டுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் அவர்கள்தான். சிக்சிகா, கைனாய், பிகானி, ஸ்டோனி நகோடா, சூட்டினா என்று ஐந்து குடிகள். 1877-ல் பிரிட்டிஷ் அரசோடு இந்தப் பகுதிக்கு உடன்படிக்கை செய்தவர்கள். முதல் ஸ்டாம்பீட்டிலிருந்தே அவர்களும் பங்கெடுக்கிறார்கள். அங்கே பவ்வாவ் என்று கூட்டு நடனம் நடக்கும். பெரிய பறையைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து அடித்துக்கொண்டே பாடுவார்கள். பெண்கள் ஆடும் ஒரு நடனத்தில் பாவாடை முழுக்கச் சின்னச் சின்னத் தகரக் கூம்புகள் வரிசையாகத் தைத்திருக்கும். ஒவ்வொரு அடிக்கும் அவை ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும். ஆதியில் பொடி டப்பாவின் மூடியை உருட்டித்தான் அந்தக் கூம்புகளைச் செய்தார்களாம். நான் ஒரு பாட்டியம்மாவிடம் அனுமதி கேட்டு, மண்டியிட்டு, அந்தப் பாவாடையின் ஓரத்தை மட்டும் எடுத்தேன். கூம்புகளில் பழைய கீறல்கள்கூடத் தெரிகின்றன.

அன்று ஆட்டத்தின் நடுவே ஒருவர் தலையிலிருந்து கழுகு இறகு ஒன்று தரையில் விழுந்தது. பறை நின்றது. ஒலிபெருக்கியில், யாரும் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது என்றார்கள். கழுகு இறகு அவர்களுக்குப் புனிதம். அதை முறைப்படிதான் தரையிலிருந்து எடுக்க வேண்டும். கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. அத்தனை போனும் கேமராவும் கீழே இறங்கின. பெரியவர்கள் சடங்கு முடித்து இறகைக் கையில் எடுத்த பிறகுதான் மறுபடி பறை.

மாசியில் மயானக் கொள்ளையன்று நம்ம ஊரில் அம்மன் வேடம் கட்டியவருக்கு அருள் வந்து ஆடும்போது, முகத்துக்கு நேரே எத்தனை போன் நீள்கிறது என்று பாருங்கள். அவர் மயங்கி விழுந்தாலும் விடுவதில்லை. நீங்கள் அப்படி எடுத்து நான் பார்த்ததில்லை. பாரதக் கூத்தில் அரிதாரம் பூசும் இடத்துக்குப் போனாலும் வாத்தியாரைக் கேட்டு, ஓரமாக உட்கார்ந்து, அவர்களாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் கேமராவை வெளியே எடுப்பீர்கள். அதனால்தான் உங்கள் படங்களில் வேடக்காரர்கள் கேமராவைப் பார்த்து விறைக்காமல், தம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இனி மலைக்கு வருகிறேன். பான்ஃப் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம், தர்மபுரியிலிருந்து பெங்களூரு போகிற தூரம்தான். 1885-ல் தொடங்கிய கனடாவின் முதல் தேசியப் பூங்கா. அங்கே மொரெய்ன் ஏரி என்று ஒன்று, சுற்றிப் பத்துச் சிகரங்கள். ஒரு காலத்தில் இவர்களுடைய 20 டாலர் நோட்டிலேயே அந்தக் காட்சி இருந்தது. கூட்டம் தாங்காமல் 2023 முதல் சொந்தக் கார் விடுவதில்லை. பஸ்ஸில்தான் போக வேண்டும். இருட்டோடு போய்க் கரையில் நின்றால், சூரியன் நமக்குத் தெரியும் முன்பே சிகரங்களின் தலையில் மட்டும் ரோஜா நிறம் பிடிக்கும். பத்து நிமிஷம் இருக்கலாம், அதற்குள் மஞ்சளாகி வெளுத்துவிடும்.

தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரில் சாயம் ஏற்றினாயா என்று தம்பி கேட்டான். சத்தியமாக இல்லை. மேலே மலைமேல் உள்ள பனிப்பாளம் நகர நகர அடியில் பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு உருகும் நீரோடு வந்து ஏரியில் அடியில் தங்காமல் மிதக்கிறது. அதில் பட்ட வெயில் நீலமும் பச்சையுமாகச் சிதறுகிறது. பனி நன்றாக உருகும் கோடையில்தான் நிறம் முழுசாக ஏறும். தண்ணீரின் பளபளப்பை வெட்ட போலரைசர் பில்டர் போட்டேன், அவ்வளவுதான்.

போன மாதக் கடைசியில் லார்ச் மரங்களைப் பார்க்கப் போனோம். ஊசியிலை மரம்தான், ஆனால் குளிர் வரும் முன் இலை மஞ்சளாகி முழுக்க உதிர்ந்துவிடும். அந்த மஞ்சள் சில நாட்கள்தான் நிற்கும். ஊரே அங்கே திரள்கிறது. ராயக்கோட்டைப் பக்கம் சாமந்திக் காட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்று உங்கள் மருமகள் சொன்னாள்.

குளிர்காலத்தில் படம் எடுப்பது தனி வித்தை. கழித்தல் 25 டிகிரியில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப்பாவது, அதாவது இரண்டு மடங்காவது, கூட்டி வைக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். இத்தனைக்கும் பலன் உண்டு. ஏப்ரஹாம் ஏரி என்று ஒன்று, 1972-ல் அணை கட்டியதால் உண்டானது, நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை மாதிரி மனிதர் செய்த நீர்த்தேக்கம்தான். அடியில் செடிகொடிகள் அழுகி வரும் மீத்தேன் வாயு குமிழாக மேலே ஏறும்போது ஐஸ் பிடித்து அப்படியே உறைந்துவிடுகிறது. ஒன்றன்கீழ் ஒன்றாக வெள்ளை வட்டங்கள், அடுக்கி வைத்த அப்பளம்போல. அங்கே காற்று பலமாக வீசிப் பனித்தூளை வாரிக்கொண்டு போய்விடுவதால் ஐஸ் கண்ணாடியாகத் தெரியும்.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்தக் கோடையில் ஜாஸ்பர் என்ற இன்னொரு மலையூருக்குப் போகும் வழியில் அதபாஸ்கா பனிப்பாளத்தைப் பார்த்தோம். வண்டியை நிறுத்திவிட்டு நடக்கும் பாதையோரம் வருஷம் எழுதிய பலகைகள் நட்டிருக்கிறார்கள். அந்தந்த வருஷத்தில் பனியின் விளிம்பு அங்கே இருந்தது என்று பொருள். 1992 என்ற பலகையில் கையை வைத்து நின்றேன். என்னைச் சுற்றி வெறும் கல்லும் சேறும். பனி மேலே எங்கோ இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 1.5 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது.

அந்த மலைகளை முதலில் ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தவர் பைரன் ஹார்மன் என்ற ஸ்டுடியோக்காரர். 1903-ல் பான்ஃபில் குடியேறிக் கடை போட்டு, படங்களை அஞ்சலட்டையாக விற்றுப் பிழைத்தவர். 1924-ல் குதிரைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு, இந்த அதபாஸ்காவுக்குத் தாயான கொலம்பியா பனிவெளிக்கே போய் எடுத்திருக்கிறார். அவருடைய நெகட்டிவ்கள் பான்ஃபில் உள்ள வைட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1915-ல் நில அளவைக்காக பிரிட்ஜ்லேண்ட் என்பவர் எடுத்த ஜாஸ்பர் படங்களை வைத்துக்கொண்டு, அதே சிகரத்தில் அதே இடத்தில் ஏறி நின்று மறுபடி படம் எடுத்து ஒப்பிட்டிருக்கிறார்கள் இங்குள்ள ஆராய்ச்சியாளர்கள். எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பு இருந்ததால்தான் அது முடிந்தது.

காவேரிப்பட்டணத்தில் உங்கள் கடைப் பரணில் கிடக்கும் பெட்டிகள் அன்றிலிருந்து என் மனதை விட்டுப் போகவில்லை, மாமா. தட்டி கட்டி வரும் எருதுகள், பாரதக் கூத்தின் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன், ஒகேனக்கல் பரிசல்காரர்கள், மாங்கனிக் கண்காட்சி, தீர்த்தமலைத் தேர், தென்பெண்ணையில் தண்ணீர் ஓடிய வருஷங்கள். 2017-ல் கே.ஆர்.பி. அணை ஷட்டர் உடைந்தபோது நீங்கள் போய் எடுத்தவையும் எங்கோ மெமரி கார்டில் இருக்கும். நம்ம ஜில்லாவுக்கு இதைவிட நல்ல சாட்சி வேறு யாரிடம் இருக்கிறது? கல்யாண ஆல்பம் போட்டுப் பிழைத்தவன் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லாதீர்கள். ஹார்மனும் கடைக்காரர்தான்.

முதலில் பெட்டிகளைக் கீழே இறக்குங்கள். புளித்த காடி வாசம் அடிக்கும் சுருள்களைத் தனியே வையுங்கள், அவை மற்றதையும் கெடுக்கும். எதையும் துணியால் துடைக்க வேண்டாம், ஓரத்தைப் பிடித்து எடுங்கள். கவரில் போடும் முன்னே கவர்மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்: எந்த ஊர், எந்த வருஷம், என்ன விழா, யார் யார். அத்தையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். யார் கல்யாணம் எந்த வருஷம், அப்போது எந்த ஏரி நிரம்பியது என்று அவர்களுக்குத்தான் மனப்பாடம். ஆத்தாவையும் கேளுங்கள், கூத்து வாத்தியார்கள் பேர் எல்லாம் அதற்குத் தெரியும். வீட்டு விசேஷப் படங்களை அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் யாருக்கும் காட்ட வேண்டாம். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள், அவர்களுக்கும் ஒரு பிரிண்ட் கொடுத்துவிடலாம்.

டிசம்பரில் ஓசூர் வருகிற நண்பர் ஒருவரிடம் நெகட்டிவ் கவர்கள், பஞ்சுக் கையுறை, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், படம் பிடிக்க ஒரு லைட் பலகை எல்லாம் கொடுத்து அனுப்புகிறேன். தம்பியிடம் இருக்கும் கேமராவும் மேக்ரோ லென்ஸும் போதும், எப்படி எடுப்பது என்று அவனுக்கு வீடியோ காலில் சொல்லித் தருகிறேன். படுகளம் நெகட்டிவ்களிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அவைதான் மிகப் பழையவை.

அத்தைக்கும் ஆத்தாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பி.கு.: இத்துடன் வைத்திருக்கும் பிரிண்டுகளின் பின்பக்கம் இடமும் தேதியும் எழுதியிருக்கிறேன். பாட்டியம்மாவின் பாவாடைப் படத்தைக் கடையில் மாட்ட வேண்டாம். வீட்டாருக்குக் காட்ட மட்டும்தான் அவரிடம் அனுமதி வாங்கினேன்.