ஓசில வந்த ஸ்லாட்டை கோடிக்கு விக்கலாமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல வருஷத்துக்கு 4,80,000 டேக் ஆஃப், லேண்டிங்தான் அனுமதி, அதனால காலைல இறங்குற ஸ்லாட்டுக்கு (குறிப்பிட்ட நேரத்துல பிளேன் இறங்கவோ கிளம்பவோ குடுக்குற அனுமதி) முகூர்த்த நாள்ல கல்யாண மண்டபம் தேடுற மாதிரி அடிதடி. 2013-ல நம்ம ஜெட் ஏர்வேஸ் மூணு ஜோடி (இறங்க ஒண்ணு, கிளம்ப ஒண்ணு) ஸ்லாட்டை அபுதாபி கம்பெனி எதிஹாட்டுக்கு 7 கோடி டாலருக்கு வித்துட்டு அதையே லீசுக்கு எடுத்து ஓட்டுச்சு, வீட்டை வித்துட்டு அங்கயே வாடகைக்கு இருந்த கதைதான். 80 சதவீதம் யூஸ் பண்ணலன்னா அடுத்த சீசன் ஸ்லாட் கைவிட்டுப் போயிடும், அதுக்கு பயந்து 2007-ல ஒரு கம்பெனி ஹீத்ரோ டு கார்டிஃப் பயணியே இல்லாம பிளேன் விட்டாங்க (டிக்கெட்டே விக்கலங்க!). பழைய கம்பெனிங்களுக்கு முக்காவாசி ஸ்லாட் சும்மா வந்ததுதானே, விக்கிறப்போ காசு முழுசும் ஏன் அவங்க பைக்கே போகுது, ஏலம் விட்டா என்னவாம்?

- ஒரு வாசகர், மதுரை